துளசிமணி விட்ட குத்து

விழுந்த அடி விழுந்த இடத்தில் முடிந்துவிடும், விழாத அடி காற்றோடு போய்விடும் என்று மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது அப்படியில்லை என்று ஊசிப்பாளையத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தெரியவைத்தவள் துளசிமணி. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் பதினெட்டு வருஷம் நின்று, ஓட்டை விழுந்த பனியனையும் விழாத பனியனையும் பிரித்துப் பிரித்துப் போட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் கராத்தே பழகப் போனவள்.

ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம் மூட்டுவலிக்கு என்றாள். மூட்டுவலிக்குக் கோயிலைச் சுற்றுவார்கள், தைலம் தேய்ப்பார்கள், யாராவது காற்றைக் குத்துவார்களா என்று கேட்டவர்களிடமும் மூட்டுவலிக்குத்தான் என்றாள். பொங்கலுக்கு வந்திருந்த மகள் கோகிலவாணி, மூன்று மாதம் முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்த பிள்ளைத்தாச்சி, வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொண்டு பாத்திரம் விளக்கியபோது, மேல்கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பச்சைப் பச்சையாகப் பதிந்திருந்தன.

"கதவு இடிச்சுதும்மா" என்றாள் கோகிலவாணி, திரும்பிப் பார்க்காமல்.

கதவுக்கு அஞ்சு விரலா கண்ணு என்று துளசிமணிக்குத் தொண்டை வரை வந்தது. வாயிலிருந்து விழுந்ததோ, "பாத்துப் போகோணும் கண்ணு." அவ்வளவுதான். அந்த மூன்று சொல் அவளை விடவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகும் விடவில்லை, செக்கிங் மேசையில் ஓட்டைப் பனியனை நல்ல பனியனோடு சேர்த்துப் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோதும் விடவில்லை. புருஷன் காய்ச்சலில் போய் ஆறு வருஷம். கேட்கப் போவதற்கு ஓர் ஆள் இல்லை. திங்கட்கிழமை விடிந்ததும் கால் தானாகப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயிற்று.

அங்கே வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டுமாக நின்ற நஸ்ரினுக்கு இருபத்தைந்து வயது. "பேத்தியை விட வந்தீங்களாம்மா?" என்றாள்.

"இல்லீங் மாஸ்டர். நாந்தான்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நஸ்ரின் சிரிக்கவில்லை. "சேலையை இழுத்துச் சொருகிக்கோங்க. நாளைக்குச் சுடிதார்ல வாங்க. கடைசி வரிசை."

அன்று பத்துக் குத்துப் போட்டாள். மகளின் பழைய சுடிதாரில் மறுநாள் இருபது, அடுத்த வாரம் ஐம்பது. இடுப்பைத் திருப்பத் தெரியவில்லை, குதிகால் தரையில் நிற்கவில்லை, கத்தச் சொன்னால் தொண்டையிலிருந்து பஸ்ஸை நிறுத்தக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. ஆனாலும் ஒருநாள் தவறாமல் போனாள்; மழைக்கும் போனாள், ஏகாதசிக்கும் போனாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை, அவள் குனிந்து காலை நீட்டிக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் யாரோ தண்ணீர் பிடித்துவிட்டு அவள் இடத்துக்கு எதிரே போட்டுப் போயிருந்த காலி நீல டிரம் 'டொம்' என்றது. பிறகு இன்னொரு 'டொம்'. பக்கத்தில் ஈ காக்காய் இல்லை. பத்து முறை கேட்டு நின்றது. நஸ்ரின் வந்து குந்தி உட்கார்ந்து, டிரம்மில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவளின் குரலில் சொன்னாள்: "இது நீங்க மொத நாள் போட்டதுங்கம்மா. மணிக்கட்டு மடங்கியிருக்குது பாருங்க. அன்னிக்கே சொன்னேன்ல."

மறுநாள் இருபது வந்தது. ஊர் முழுக்கத் தெரிய அதற்கு மேல் நேரம் ஆகவில்லை.

மருந்து ஒரு மண்டலம் தின்றால்தான் கேட்கும், விரதம் ஒரு மண்டலம் இருந்தால்தான் பலிக்கும், அதேபோல வயசான உடம்பிலிருந்து கிளம்பிய அடி வந்துசேர ஒரு மண்டலம் ஆகிறது, இதில் என்ன அதிசயம் என்று ஆறுச்சாமி டீக்கடையில் பேசி முடித்தார்கள். அதைவிடப் பெரிய சண்டை எண்ணிக்கையில்தான் வந்தது. அடித்த நாளையும் சேர்ப்பதா, மறுநாளிலிருந்து எண்ணுவதா என்று இரண்டு கட்சி ஆகி, ஒரு பாய்லர் டீ தீரும்வரை கத்தி, கடைசியில் இழவு வீட்டில் பதினாறு எண்ணும்போது செத்த நாளையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம், டிரம்மும் அதைத்தானே சொல்லிற்று என்று ஆறுச்சாமி சொல்ல, எல்லோரும் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். மைதானத்தில் அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. போகும்போது பூவாகப் போகிற குத்து வரும்போது கல்லாக வருகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. துளசிமணியின் கையால் ஒரு சுரைக்காயைக்கூட உடைக்க முடியாது; ஆனால் கோட்டுக்குள் முட்டுக்கொடுத்து வைத்த தேங்காய், அவள் தினமும் குத்தத் தொடங்குகிற காலை ஆறு இருபதுக்குச் சரிபாதியாகப் பிளந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஆட்டம் கண்ட கடைவாய்ப் பல்லோடு அளவு பார்த்துத் தாடையைக் கொண்டுபோய் வைத்து, ஒரு பல்லுக்கு மூன்று பல் போய், துப்பிவிட்டு, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பரோட்டாக்கடைக்காரர் அவளைக் கூட்டிப்போய் வெறும் மேசையில் அறுபது குத்துக் குத்தச் சொன்னார். நாற்பத்தெட்டாம் நாள் அதே நேரத்துக்கு அங்கே மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைய பரோட்டா பஞ்சாக இருந்ததென்று பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள்.

ஊர் ஆண்பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்காருவதற்கு முன், கட்டிலில் சாய்வதற்கு முன், "இங்க அந்தம்மா எதாச்சும் விட்டுட்டுப் போயிருக்குதா?" என்று பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்கிறபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெண்கள் பதில் சொல்ல அவசரப்படவில்லை. சில பெண்கள் துளசிமணியிடமே வந்து, "எங்கூட்டுக்காரர் படுக்கிற இடத்துல ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போங்கக்கா, மெதுவா இருந்தாலும் போதும்" என்று கேட்டார்கள்.

"ஆளைக் குறிவெச்சு விடக்கூடாதுங்கம்மா" என்று நஸ்ரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "தேங்காய்க்கு விடுங்க, மாவுக்கு விடுங்க. நாப்பத்தெட்டாம் நாள் அந்த எடத்துல யார் இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

துளசிமணி அந்தப் பேச்சை மீறவில்லை, சித்திரை முப்பதாம் தேதி வரைக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கக் கரட்டூர் போயிருந்தாள். கோகிலவாணிக்கு ஏழாம் மாதம் முடிகிற சமயம். கீழுதடு வீங்கியிருந்தது. இந்த முறை கதவு என்றுகூடச் சொல்லவில்லை. முறுக்கை வாங்கி, நன்றாயிருக்கிறதென்று சொல்லி, ஒரு பக்கத்துப் பல்லால் மட்டும் கடித்தாள். மருமகன் பூபதி தறிப்பட்டறையில் இருந்தான். கூடத்தில், கிழக்குப் பார்த்து, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே அவனுடைய நாற்காலி இருந்தது. தேக்கில் கடைந்தது, நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். தினமும் ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அதில்தான் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவான், அன்று மட்டும் நூல் லோடு வந்து முன்னமே போய்விட்டான். கோகிலவாணி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். துளசிமணி காலி நாற்காலியைப் பார்த்தாள். இடது கால் முன்னால் போய் மடங்கியது, பின்காலின் குதி தரையை அமுக்கியது, இதுநாள் வரை திரும்பாத இடுப்பு ஒரு திரும்பு திரும்பியது, வலது கை கிளம்பி, உட்கார்ந்திருக்கும் ஆளின் நெஞ்சுக்குழி இருக்கும் உயரத்தில் போய் நின்றது. மணிக்கட்டு மடங்கவில்லை. அவள் வாழ்நாளில் போட்ட குத்துகளில் அதுதான் நல்ல குத்து. கடிகாரத்தில் ஒன்பது இருபத்தஞ்சு.

"என்னங் சம்பந்தி, கொசுவா?" சமையல்கட்டு வாசலில் பூபதியின் அம்மா சம்பூரணம் நின்றிருந்தாள்.

"ஆமாங்க. கொசு."

"கரட்டூர்க் கொசு பொல்லாததுங்க" என்று சம்பூரணம் உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது விரலை மடக்கி எண்ணினாள். ஆனி பதினஞ்சு, புதன்கிழமை, ஒன்பது இருபத்தஞ்சு. வாங்கட்டும் என்று நினைத்தாள். அன்று இரவு, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வைகாசி பாதியில் போன் வந்தது. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக, பெண்வீட்டார் ஒன்பது வகைச் சோறு ஆக்கிக்கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டில் வளையல் அடுக்கி, கட்டுச்சோத்து விருந்து வைத்துத்தான் கூட்டிவர வேண்டும். அதைத்தான் துளசிமணி நாள் பார்த்துக் காத்திருந்தாள். போலீஸ் இல்லாமல், பஞ்சாயத்து இல்லாமல், ஊர் பார்க்க, சம்பந்தி வீட்டு வாசல் வழியாகவே மகளை வெளியே கொண்டுவருவதற்கு இருந்த ஒரே வழி அது. வந்துவிட்டால் போதும், அப்புறம் திருப்பி அனுப்புவதா இல்லையா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

"ஜோசியர் குறிச்சுக் குடுத்துட்டாருங்க" என்றாள் சம்பூரணம். "ஆனி பதினஞ்சு, புதன். ஒம்பது பத்துக்கு மேல ஒம்பது அம்பதுக்குள்ள. கோகிலாவை நம்ம தேக்குச் சேர்ல உக்கார வெச்சரலாங்க, மகராணியாட்டம் இருக்கும்."

துளசிமணி விரலை மடக்கி இன்னொரு முறை எண்ணினாள். "வேற நாள் இல்லீங்களா?"

"எட்டாம் மாசம் ஆகாது. ஒம்பதுல இதை விட்டா வேற நாள் இல்லைங்கறாரு. ஏனுங்க, உங்களுக்கு அன்னிக்கு வேலையா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், என் மகனைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்பார்கள். பெண்ணை அனுப்ப மாட்டார்கள். நாற்காலிக்கு விட்டதற்கான பதில் அந்த வீட்டுக்குள், கதவு சாத்தியபின், கோகிலவாணி மேல்தான் விழும். சொல்லாவிட்டால், ஒன்பதாம் மாதத்தில் வயிறு நெஞ்சுக்குழி வரை ஏறி நிற்கிறபோது, தேங்காய் பிளக்கிற குத்து அங்கே வந்துசேரும். துளசிமணி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மைதானத்தில் கேட்டாள். "விட்டதைத் திரும்ப எடுக்க முடியுங்களா மாஸ்டர்?"

நஸ்ரின் எங்கே என்று கேட்கவில்லை. "முடியாதுங்கம்மா. தடுக்கலாம்."

அன்றிலிருந்து துளசிமணி குத்துவதை நிறுத்திவிட்டுத் தடுக்கப் பழகினாள். ஆறு இருபதுக்குச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்று, பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் தானே அனுப்பியதைத் தானே வாங்கினாள். கண்ணுக்குத் தெரியாத குத்தை எதை வைத்துத் தடுப்பது? நூற்றுக்கு மூன்று கையில் பட்டது, மிச்சம் உடம்பில் பட்டது. தோளும் விலாவும் கறுத்து, கம்பெனியில் எட்டிப் பனியன் எடுக்கும்போது முனகினாள். "கதவு இடிச்சுது" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது.

ஆனி பதினஞ்சு விடிந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தக்காளிச்சோறு என்று ஒன்பது அண்டாவும் இருபது பெண்களுமாக வேன் கரட்டூர் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. கூடத்தில் தேக்கு நாற்காலிக்குச் செவ்வந்தி மாலை சுற்றியிருந்தார்கள்.

"சேரைக் கொஞ்சம் அந்தாண்ட, சன்னல்கிட்டப் போட்டா காத்து வருமுங்க" என்றாள் துளசிமணி.

"கெழக்கே பாத்துத்தான் இருக்கோணும். அதுமில்லாம அதை யாருங்க தூக்கறது?" என்று சம்பூரணம் சிரித்தாள்.

துளசிமணியின் அண்ணி அவளைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். "நீ இங்கயே நில்லு அம்மிணி. சந்தனம் பூசற எடத்துக்கு வந்தராதே, நாலு பேரு நாலு பேசுவாங்க. அம்மா முறைக்கு நான் செஞ்சுக்கறேன்." தாலி இல்லாதவள் வளைகாப்பு நாற்காலிப் பக்கம் போகக்கூடாது என்பது துளசிமணிக்குத் தெரியாததா. தலையாட்டினாள்.

ஒன்பது பத்துக்குக் கோகிலவாணியை உட்கார வைத்தார்கள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, உதட்டில் ஒரு தழும்பு, அதன் மேல் சாயம். அண்ணி முதலில் சந்தனம் பூசி வளையல் போட்டாள். அடுத்து சம்பூரணம். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொருத்தியும் குனிந்து, கன்னத்தைத் தடவி, வளையலைத் திருகித் திருகி ஏற்றி, போட்டோவுக்குத் திரும்பிச் சிரித்து, நகர மனமில்லாமல் நகர்ந்தார்கள். ஒன்பது பதினெட்டு. ஒன்பது இருபது. இன்னும் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். கடிகாரத்தின் பெரிய முள் துளசிமணியின் விலாவுக்குள் நகர்ந்தது. ஒன்பது இருபத்தொன்றுக்கு அவள் வாசற்படியைத் தாண்டினாள்.

வளையல் வரிசை விலகி வழிவிட்டது.

"அம்மிணி, எங்க வர்றே?" என்றாள் அண்ணி.

"எந்திரி கண்ணு."

"அம்மா!"

"எந்திரிங்கறேன்ல." மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நாலடி தள்ளி நிறுத்திவிட்டு, திரும்பி வந்து, செவ்வந்தி மாலை நசுங்கத் துளசிமணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அய்யோ சாமி, தாலியறுத்தவ உக்கார்ற எடமா அது?" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள். "பொண்ணு நல்லா இருக்கோணும்னு நெனக்கிறவ செய்யற காரியமா?" என்றாள் இன்னொருத்தி. அண்ணி அழுதுவிட்டாள். ஆண்கள் பக்கமிருந்து, ஒரு கையில் தாம்பூலத் தட்டும் இன்னொரு கையில் சந்தனக் கிண்ணமுமாகப் பூபதி வந்து, கூடத்தின் அந்தக் கோடியில் நின்றான்.

"உங்கம்மாளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" அவன் கோகிலவாணியிடம்தான் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. "இப்பவே எந்திரிக்கச் சொல்லு. இல்லாட்டி நீ இன்னிக்கு எங்கயும் போறதில்லை. உள்ள வா, பேசிக்கலாம்."

'உள்ளே வா' என்று கேட்டதும் கோகிலவாணியின் தோள் இரண்டும் தானாக ஒடுங்கியதைத் துளசிமணி பார்த்தாள். ஒன்பது இருபத்தஞ்சு. முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஒன்பது இருபத்தாறு. பெண்களின் பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று. கடிகாரத்தை இடையில் யாராவது திருத்தியிருப்பார்களோ, ஊசிப்பாளையத்துக் கணக்கு ஊசிப்பாளையத்துக்கு மட்டும்தானோ, இத்தனை பேருக்கு முன்னால் மகள் வெளியே போக இருந்த ஒரே வாசலைத் தன் கையாலேயே சாத்திவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே முள்ளைப் பார்த்தாள். "எந்திரிம்மா" என்று கோகிலவாணி அழுதுகொண்டே வந்தாள். "எனக்காக எந்திரிம்மா, நான் பாத்துக்கறேன், எந்திரி," என்று சொல்லிச் சொல்லி, வயிறு முன்னால் வர, அம்மாவைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தாள். அப்போது துளசிமணியின் முகத்தில் ஒரு காற்று அசைந்தது. மைதானத்தில் முப்பது காலைகளில் அறிந்த காற்று. மடக்கி வைத்திருந்த இரண்டு கைகளையும் விரித்து மகளின் தோளைப் பிடித்து, இருந்த பலமெல்லாம் கொடுத்து, அண்ணியின் மேல் போய் விழும்படி பக்கவாட்டில் தள்ளினாள். நெஞ்சுக்கு முன்னால் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாலு பேர் தூக்குகிற நாற்காலி அவளோடு மல்லாந்தது.

அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சதையில் எலும்பு விழுகிற, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். அது என்ன சத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. துளசிமணி தரையில் கிடந்தபடி, மூச்சு வராமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தலைகீழாகக் கூடத்தைப் பார்த்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. முதலில் திரும்பியவள் சம்பூரணம். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, மாடி வீட்டில் குடியிருக்கிறவள், பட்டறையில் பாவு ஓட்டுகிறவனின் பெண்டாட்டி, வாசலில் இலை எடுக்க நின்றவள். பொம்பளை ஒருத்தி அடிபட்டு விழுகிற சத்தம் கேட்டதும் அந்த வீட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்று அத்தனை பேருடைய கழுத்துக்கும் தெரிந்திருந்தது. இருபதடி தள்ளி, இரண்டு கையிலும் தட்டும் கிண்ணமுமாக நின்றிருந்த பூபதியை அவர்கள் பார்த்தார்கள். கடைசியாக அவனும் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான்.

"நான் கை வெக்கலை" என்றான்.

யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

சம்பூரணம் மகனிடம் போகவில்லை. துளசிமணியின் பக்கத்தில் வந்து குந்தி, தலையைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் அவள் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்தாள்.

"தெரியும்டா" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "இன்னிக்கு நீ வெக்கலை."

துளசிமணிக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக, அறுத்துக்கொண்டு திரும்பி வந்தது. சம்பூரணம் எழுந்து உள்ளே போய், கோகிலவாணியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, மகனைச் சுற்றிக்கொண்டு நடந்து, வேனுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"பொழுதோட கெளம்புங்க சம்பந்தி" என்றாள். "சோறு அப்படியே இருக்கட்டும். நாங்க போட்டுத் தின்னுக்கறோம்."